கன்னியம்மா சொன்ன மழை

“இது ஆட்டம் இல்ல மெர்சிம்மா. ஏமாத்து.”

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் ஆபீஸ் அறை. சாப்பாட்டு நேரம். மேசைமேல் ஒரு கறுப்பு வெள்ளை டிவி. அதன் முன்னால் புத்தக அளவில் ஒரு தட்டையான பெட்டி, அதன் முகமெல்லாம் ரப்பர் பொத்தான்கள். எதிரே நாற்காலியின் நுனியில் கன்னியம்மா. அவளைச் சுற்றி, ஈரக் கைகளைப் புடவையிலும் லுங்கியிலும் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்க்கும் பத்துப் பேர்.

டிவிக்குள் அப்போதுதான் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூங்கில் கொம்புகளில் காயப்போட்டிருந்த தோல்கள் எல்லாம் நனைந்து, கட்டம் கட்டமாகக் கறுத்துப்போயிருந்தன. அவற்றை எடுக்க ஓடிய குச்சி மனுஷி திரையின் நடுவில் அசையாமல் நின்றாள். ஐந்தாவது முறையாகக் கன்னியம்மா தோற்றிருந்தாள்.

“இன்னா மழ இது? சொல்லாம கொள்ளாம வருது. ஓடுறதுக்குள்ள முடிஞ்சிடுது. யாரு ஆடினாலும் தோக்கத்தான் போறாங்க. அதுக்கு எதுக்கு ஆடணும்?”

யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் இரண்டு மாதம் உட்கார்ந்து எழுதிய ஆட்டம் அது. அந்த அறையிலேயே இங்கிலீஷ் தெரிந்தவள் நான், பட்டம் வாங்கியவள் நான், கம்ப்யூட்டரைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் நான். முற்றத்தில் தோல் காயப்போடுகிற ஒரு பெண், என் வயதுக்காரி, அத்தனை பேர் முன்னால் என் ஆட்டத்தை ஏமாத்து என்கிறாள்.

“மழை அப்படித்தான் வரும்” என்றேன் விறைப்பாக.

“வராது” என்றாள் அவள். எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டுப் போய்விட்டாள்.

பெட்டி வந்த கதை

இந்தத் தொடருக்குச் சென்ற வாரம் வந்த கடிதங்களில் ஒன்றில் ஒரு வாசகி கேட்டிருந்தார்: ‘வீடியோ கேம் நிறுவனம் நடத்துகிறவர் என்றால் வெளிநாட்டில் படித்தவர் என்று நினைத்திருந்தோம். நீங்கள் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?’

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் ஓடுகிற பஸ்ஸில் கற்றுக்கொண்டேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

எண்பதுகளின் நடுவில் நான் அந்த டேனரியில் டைப்பிஸ்ட். கடிதம் அடிப்பது, டெலெக்ஸ் அனுப்புவது, தோல் வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிற பையர்களுக்கு டீ வாங்கித் தரச் சொல்வது. முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். வெள்ளை ஜிப்பா, மெதுவான குரல், எதையும் இரண்டு முறை யோசித்துவிட்டு ஒருமுறை சொல்கிற மனிதர்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு ஷூ கம்பெனி பையர் போகும்போது இந்தப் பெட்டியை ஹாஜியாருக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். டிவியோடு இணைத்தால் கம்ப்யூட்டர். தோலின் சதுர அடிக் கணக்கை எல்லாம் இது போட்டுவிடும் என்று சொன்னாராம். ஹாஜியார் அதை மரியாதையாக வாங்கி, மரியாதையாக அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஆறு மாதம் அது அங்கேயே இருந்தது.

ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “ஹாஜியார், அந்தப் பெட்டியை நான் பாக்கலாமா?”

“பாரும்மா. கெடுத்துடாதே. அடுத்த வருஷம் அவன் வந்து கேட்டான்னா பேஜாராப் போயிடும்.”

அதோடு வந்த கையேட்டில் பாதி ஜெர்மன், பாதி இங்கிலீஷ். காலை பஸ்ஸில் பள்ளிகொண்டா தாண்டும்வரை நின்றுகொண்டு படிப்பேன். இடம் கிடைத்ததும் நோட்டில் எழுதிப் பார்ப்பேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: இந்தப் பெட்டிக்கு நாம் வரிசையாக எண் போட்டுக் கட்டளை எழுதித் தந்தால், அது அப்படியே செய்யும். ஒரு காற்புள்ளி தவறினாலும் செய்யாது. நாம் சொன்னதைச் செய்யும், நினைத்ததைச் செய்யாது.

எழுதியதைக் கேசட்டில் பதிந்துவைக்க வேண்டும். பாட்டு கேட்கிற சாதாரண டேப் ரிக்கார்டர்தான். அதை ஓட்டினால் தகரத்தில் ஆணி கீறுவதுபோல் ஐந்து நிமிஷம் கத்தும். அதற்குள் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. ஆம்பூரில் அன்று கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. அதனால்தான் இன்றுவரை எதையும் முதலில் காகிதத்தில் எழுதுகிற பழக்கம் எனக்கு.

மூன்று மாதத்தில் சதுர அடிக் கணக்கு தயாராகிவிட்டது. ஒரு லாட் தோலின் அளவுகளைக் கூட்டிச் சரிபார்க்க ஒரு நாள் முழுதும் பிடித்த வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்தது. ஹாஜியார் தாளை வாங்கிப் பார்த்தார். மூன்று வரியைக் கையால் கூட்டிப் பார்த்தார். “சரியா இருக்குதும்மா” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

பெட்டியில் மிச்சம் இடம் இருந்தது. எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் முக்கால் மணி இருந்தது. ஆட்டம் அங்கேதான் பிறந்தது.

ரப்பர் மூடிகள்

கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா வேலூரில் நர்ஸ். எழுபதுகளில் நாங்கள் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். மருந்துப் புட்டிகளின் ரப்பர் மூடிகளை வெந்நீரில் போட்டுக் கழுவி அம்மா கொண்டுவந்து தருவார். எங்கள் வரிசைப் பிள்ளைகளுக்கு அதுதான் சொத்து. சிவப்பு மூடி ராணி, சாம்பல் மூடி போலீஸ். சிமென்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, விதி சொல்லுவது எப்போதும் நான்.

பிரச்சினை என்னவென்றால், நான் தோற்கப்போகிறேன் என்று தெரிந்ததும் விதியை மாற்றிவிடுவேன். “இந்தக் கட்டத்துல மிதிச்சா அவுட்டுன்னு நான் முன்னாடியே சொன்னேன்.” சொல்லியிருக்க மாட்டேன். பிள்ளைகள் சண்டை போட்டுவிட்டுக் கலைந்துபோவார்கள். நான் மட்டும் மூடிகளோடு உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாட்களில்தான் ஒரு பொருட்காட்சியில் முதல்முறையாக அந்த அதிசயத்தைப் பார்த்தேன். யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார்கள். டிவியில் இரண்டு வெள்ளைக் கோடுகள், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி, அது பட்டுப் பட்டுத் திரும்பியது. டொக், டொக். சினிமாவில் வருபவர்களை நாம் பார்க்கத்தான் முடியும். இதில் பெட்டியிலிருந்த குமிழைத் திருகினால் கோடு நகர்ந்தது. அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே நின்றேன். எனக்கு ஆட முறை வரவில்லை. ஆனால் வீட்டுக்குப் போய் அன்று முழுக்க யோசித்தது ஆடுவதைப் பற்றி அல்ல. அந்தப் புள்ளி எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும் என்று அதற்கு யார் சொன்னார்கள் என்பதைப் பற்றி.

சரி, ஆம்பூருக்கு வருகிறேன்.

எட்டுப் புள்ளிக்குள் ஒரு ழ

ஆட்டத்துக்கு என்ன கதை வைப்பது என்று நான் தேடவே இல்லை. ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அது தினமும் நடந்தது. முற்றத்தில் கொம்பு கொம்பாகத் தோல் காயும். மழை வந்தால் அத்தனை பேரும் ஓடுவார்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் காய்ந்துகொண்டிருக்கும் தோலில் கறை விழும், பையர் திருப்பி அனுப்பிவிடுவார். ஓடி ஓடித் தோலை எடுக்க வேண்டும். இதைவிட நல்ல ஆட்டம் எங்கே கிடைக்கும்?

பெயர் ‘மழை’. தமிழில்தான் வர வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பெட்டிக்கோ இங்கிலீஷ் எழுத்து மட்டும்தான் தெரியும். மற்றதை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் நாமே வரைந்து தர வேண்டும். ‘ம’ சுலபமாக வந்துவிட்டது. ‘ழ’ படுத்திய பாடு! மேலே சரியாக வந்தால் கீழே வால் வராது. வால் வந்தால் தலை வெட்டிப்போகும். ‘ழை’க்கு முன்னால் போடும் கொம்பு வேறு தனி இம்சை. ஒரு கணக்கு நோட்டு முழுக்கக் கட்டம் கட்டமாகக் கறுக்கி வைத்திருந்தேன்.

அந்த நோட்டைத்தான் கன்னியம்மா அடுத்த நாள் வந்து புரட்டினாள். ஏமாத்து என்று சொல்லிவிட்டுப் போன அடுத்த நாள். சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

“கோவமா மெர்சிம்மா?”

“இல்ல.”

“மூஞ்சி அப்படிச் சொல்லல” என்றவள் உள்ளே வந்து நோட்டை எடுத்தாள். “இது இன்னா, பூ வரைஞ்சிருக்கீங்களா?”

“அது ழ.”

உற்றுப் பார்த்தாள். அவள் பேரணாம்பட்டில் ஐந்தாவது வரை படித்தவள். பென்சிலை வாங்கி நான்கு கட்டத்தை அழித்தாள், மூன்றைக் கறுக்கினாள். ழ வந்துவிட்டது. வால் குட்டையாக இருந்தாலும் சந்தேகமில்லாத ழ.

“அப்போ இந்தக் கொம்பு?” என்றேன்.

“அது எதுக்கு? யாரு மழைன்னு சொல்றா? மழன்னுதான சொல்றோம்.”

ஆட்டத்தின் பெயர் அப்படித்தான் ‘மழ’ ஆனது. பின்னாளில் ஒரு தமிழாசிரியர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். அவருக்கு உண்மையைச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

கைக்குட்டை

“சரி, மழை எப்படி வரும்? சொல்லு” என்றேன்.

“இங்க உக்காந்து சொல்ல வராது. முத்தத்துக்கு வாங்க.”

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம். முற்றத்தைக் கடந்து போயிருக்கிறேனே தவிர ஒருநாளும் நின்றதில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வரும்போதே கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வேன், ஆபீஸ் கதவைச் சாத்திய பிறகுதான் எடுப்பேன். அது ஒரு தவறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மூச்சு விடுவதுபோல் செய்துகொண்டிருந்தேன்.

அன்றும் படியிறங்கியதும் கை தானாக மூக்குக்குப் போனது. கன்னியம்மா திரும்பிப் பார்த்தாள்.

“கர்சீப்ப எடுத்துடுங்க. மூக்க மூடிக்கினா காத்து எங்கருந்து வருதுன்னு எப்படித் தெரியும்?”

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே காற்றைப் பற்றித்தான் சொன்னாள். எனக்குத்தான் கை கூசியது. கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன். சுண்ணாம்பும் ஆவாரம் பட்டையும் பச்சைத் தோலும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. முதல் நான்கு மூச்சு கஷ்டம். அப்புறம் அது வெறும் வாசனை.

“மொதல்ல காத்து நிக்கும். தோலு ஆடாது. அப்புறம் சுண்ணாம்புத் தொட்டி வாசன ஜாஸ்தியாவும். அப்புறம் காக்காங்க கூரைக்குக் கீழ வந்து ஒக்காந்துக்கும். அப்பவே ஓட ஆரம்பிக்கணும்.” கையை நீட்டினாள். “ஆலங்காயம் பக்கம் மலையில இருட்டுச்சுன்னா கால் மணி நேரம் இருக்குது. எங்க ஊரு பக்கமிருந்து வந்தா நேரமே இல்ல. கைல கெடைச்சத எடுத்துக்கினு ஓட வேண்டியதுதான்.”

“எல்லாத்தையும் எடுத்துட முடியுமா?”

“முடியாது. எப்பவும் முடியாது. ஆட்டுத் தோல மொதல்ல எடுக்கணும், அது மெல்லிசு, ஒடனே போய்டும். மாட்டுத் தோலு கொஞ்சம் தாங்கும். எத விடறதுன்னு முடிவு பண்றதுதான் வேல.”

நான் நோட்டைக் கீழே வைக்கவில்லை. அங்கேயே நின்று எழுதினேன். இந்தத் தொழிலில் முப்பது வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது. ஆட்டம் வடிவமைப்பது பற்றி எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறேன், பேசியும் இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை அந்த ஒரு சாப்பாட்டு நேரத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது. தண்டனைக்கு முன்னால் அறிகுறி வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாத இடத்தில் தேர்வு வேண்டும். இதைத்தான் ரப்பர் மூடி காலத்தில் பிள்ளைகளும் என்னிடம் கத்திச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் காது கேட்கவில்லை.

நிஜ மழை

காக்கா வரைந்தோம். மேகம் இடது பக்கமிருந்து வந்தால் மெதுவாக, வலது பக்கமிருந்து வந்தால் வேகமாக. ஆட்டுத் தோல் சின்னக் கட்டம், மாட்டுத் தோல் பெரிய கட்டம். ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் கன்னியம்மா ஆடிப் பார்ப்பாள். “காக்கா லேட்டா வருது.” “இந்த மேகம் பொய் சொல்லுது.” “இப்போ சரி. இப்போ தோத்தா என் தப்பு.”

ஐப்பசி மாதம் ஒரு நாள் பகல். ஹாஜியார் மெட்ராஸ் போயிருந்தார். காக்காவைச் சரிசெய்து புதிதாகப் பதிந்திருந்தேன். கேசட்டிலிருந்து ஆட்டம் ஏறுவதற்குள் வேலை மணி அடித்துவிட்டது.

கன்னியம்மா எழுந்தாள். “நாளைக்குப் பாக்கலாம் மெர்சிம்மா.”

“ஒரே ஒரு தடவை. இரு, ஆடிட்டுப் போ” என்றேன்.

உட்கார்ந்தாள். அவளோடு முற்றத்து ஆட்கள் ஐந்தாறு பேரும் நின்றுவிட்டார்கள். ஆட்டம் அற்புதமாக ஓடியது. திரையில் காக்கா கூரைக்குக் கீழே வந்தது, கன்னியம்மாவின் குச்சி மனுஷி ஓடினாள், முதல் கொம்பு, இரண்டாம் கொம்பு, நாங்கள் எல்லாரும் கத்தினோம்.

திடீரென்று அவள் விரல்கள் நின்றன. தலையை நிமிர்த்தினாள். மூக்கு விரிந்தது.

“காத்து நின்னுடுச்சு” என்றாள்.

“எங்க?” என்று நான் திரையைப் பார்த்தேன். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

நாங்களும் ஓடினோம். நானும் ஓடினேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகத் தோலைக் கையால் தொட்டுத் தூக்கினேன். மேகம் பேரணாம்பட்டுப் பக்கமிருந்து வந்தது. நான்கு வரிசையில் மூன்று வரிசையைக் கூரைக்குள் சேர்த்துவிட்டோம். நான்கும் ஆட்டுத் தோல்தான்; முற்றத்தின் கோடியில் இருந்த கடைசி வரிசை அனுப்பத் தயாராக இருந்தது. எங்கள் கண் முன்னால் புள்ளி புள்ளியாகக் கறை விழுந்தது.

முற்றத்து ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி நடுவில் நனைந்துகொண்டு நின்றார். “மணி அடிச்சப்புறம் எங்க இருந்தீங்க எல்லாரும்? கன்னியம்மா, நீதான இவங்கள எல்லாம் இட்டுக்கினு போனது? நாளையிலருந்து நீ வரத் தேவையில்ல.”

கன்னியம்மா முடியிலிருந்து தண்ணீர் சொட்ட என்னைப் பார்த்தாள். ஒரு கணம்தான். நான் சொல்ல வேண்டிய வாக்கியம் என் வாயில் இருந்தது: நான்தான் இருக்கச் சொன்னேன். ஐந்து வார்த்தை கூட இல்லை.

சொல்லவில்லை. பெட்டியை எடுத்துப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம், வேலை போய்விடும் என்ற பயம். நான் படியேறி ஆபீஸுக்குள் போய்விட்டேன். திரையில் ஆட்டம் முடிந்து, ‘மறுபடி ஆட ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தவும்’ என்று இங்கிலீஷில் மினுங்கிக்கொண்டிருந்தது.

பேரணாம்பட்டு

இரண்டு நாள் அவள் வரவில்லை. நான் அடித்த கடிதங்களில் எழுத்துக்கு எழுத்து பிழை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் பேரணாம்பட்டுக்கு பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வாசலில் உட்கார்ந்து மடியில் முறம் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி ஸ்டூல் கொண்டுவரச் சொன்னாள். கை நிற்கவில்லை. இலை, தூள், உருட்டல், நூல். இலை, தூள், உருட்டல், நூல்.

“மன்னிச்சிடு கன்னியம்மா. நான் சொல்லியிருக்கணும்.”

“ஆமா” என்றாள்.

அவள் அடுத்த இலையை எடுத்ததும் நான் அவசரமாகச் சொன்னேன்: “ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல.”

“எனக்கு எறங்குச்சு. பசிக்குதே.” ஒரு பீடியைக் கட்டிவைத்தாள். “மெர்சிம்மா, என்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்க கிட்டப் போய்ச் சொல்லுங்க.”

தலையைக் குனிந்துகொண்டேன். கிளம்பலாம் என்று எழுந்தேன். அப்போதுதான் அவள் கை நின்றது.

“அந்தக் காக்கா... சரியாய்டுச்சா?”

“எது?”

“அன்னிக்குப் பாதியில வந்துட்டேனே. கடைசி மேகம் வந்தப்ப காக்கா கரெக்டா ஒக்காந்துச்சா?”

“நான் பாக்கல” என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

“பாத்துட்டுச் சொல்லுங்க” என்று மறுபடி இலையை எடுத்தாள்.

ஹாஜியார் ஆடியது

திங்கட்கிழமை காலை ஹாஜியார் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

“மேஸ்திரி வேற மாதிரி சொன்னாரேம்மா.”

“மேஸ்திரி சொன்னதும் நிஜம்தான் ஹாஜியார். அவங்க உள்ளதான் இருந்தாங்க. உள்ள உக்கார வெச்சது நான். மணி அடிச்சதும் கன்னியம்மா எழுந்துட்டாங்க. நான்தான் இருக்கச் சொன்னேன்.”

அவர் ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். “அன்னிக்கே சொல்லியிருக்கலாமே” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு, “அது என்ன ஆட்டம்? போடு, பாக்கலாம்” என்றார்.

கேசட் ஐந்து நிமிஷம் கத்தியது. ஹாஜியார் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். ஆட்டம் வந்ததும் ஒரு விரலால் பொத்தானைத் தொட்டார். குச்சி மனுஷி ஓடினாள். மழை வந்தது. எல்லாம் நனைந்தது.

“யா அல்லா” என்றார். மறுபடி ஆடினார். மறுபடி நனைந்தது. “மாட்டுத் தோலை எதுக்கு மொதல்ல எடுத்தேன், முட்டாள்” என்று தன்னையே திட்டிக்கொண்டார். நான்காவது ஆட்டத்தில் ஜிப்பா கையை மடித்துவிட்டுக்கொண்டார். டெலெக்ஸ் அடித்தது, நான் எழப்போனேன். “இரும்மா, இரு” என்றார்.

ஏழாவது ஆட்டத்தில் காக்கா கூரைக்குக் கீழே வந்தது. அவர் விரல் உடனே நகர்ந்தது. இரண்டு மாட்டுத் தோலை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சேர்த்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டார்.

“சின்ன வயசுல இந்த முத்தத்துல நானும் ஓடியிருக்கேன். காக்காவ வெச்சுத்தான் நாங்களும் சொல்லுவோம். இது யாரோட யோசனை?”

“கன்னியம்மாவோடது.”

தலையை ஆட்டினார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, அவளை அன்றைக்கே ஆள் அனுப்பி அழைத்துவரச் சொன்னார். என் பக்கம் திரும்பினார். “கணக்குக்கு மெட்ராஸ்லருந்து பெரிய மெஷின் வருது. இந்தப் பெட்டிய நீ எடுத்துக்க. ஆனா இங்க வெக்காதே. வேலையும் ஆட்டமும் ஒரே ரூம்ல இருந்தா ரெண்டும் கெட்டுடும். ஆட்டத்தையும் வேலையா பண்ணு, வேற எடத்துல.”

அவர் அதை ஒரு வாழ்த்தாகச் சொன்னாரா, கண்டிப்பாகச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. நான் இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன்.

பேக்கரி மாடி

வேறு இடம் என்பது ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பேக்கரியின் மாடி. ஞாயிறு ஆராதனை முடிந்து நான் வருவேன், கன்னியம்மா பேரணாம்பட்டு பஸ்ஸில் வருவாள். கீழே பன் வேகும் சூடு தரை வழியாக ஏறும். வெறுங்காலோடு உட்கார முடியாது. சாக்கு விரித்து, அதன்மேல் பாய் விரித்து உட்காருவோம். கட்டளை எழுதுவது நான். எது எப்போது நடக்க வேண்டும், எவ்வளவு வேகத்தில், எது நியாயம் என்பதெல்லாம் அவள். இரண்டாவது ஆட்டம் கல்லாங்காயை வைத்து. மூன்றாவது, கூட்டமான பஸ்ஸில் இடம் பிடிப்பது. அதில் கண்டக்டர் அவளுக்குத் தெரிந்த ஒரு ஆள்தான், மீசைகூட அப்படியே.

கேசட்டுகளாகப் பதிந்து, வேலூரில் அப்போது புதிதாக முளைத்த கம்ப்யூட்டர் வகுப்புகளுக்குக் கொடுத்தோம். பாடம் முடிந்ததும் மாணவர்கள் ஆட ஒரு பொழுதுபோக்கு. பெங்களூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் எழுதிக் கேட்டது. இனி இதை ஒரு நிறுவனமாகப் பதிவுசெய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியபோது எண்பதுகள் முடியப்போகிற சமயம்.

யார் பெயர் முதலில்

வேலூரில் பதிவு அலுவலகம். மேலே சுற்றும் விசிறிக்குக் காகிதங்கள் எல்லாம் கல்லுக்கு அடியில் துடித்துக்கொண்டிருந்தன. குமாஸ்தா படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தார். கன்னியம்மா என் பின்னால் நின்றாள். பச்சைப் புடவை, புதுசு.

“என்ன தொழில்?” என்றார்.

“ஆட்டம் செய்யறது” என்றாள் கன்னியம்மா.

“டான்ஸா?”

“டான்ஸ் இல்ல சார். டிவியில ஆடறது. வெளையாட்டு.”

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ‘கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வியாபாரம்’ என்று எழுதிக்கொண்டார்.

“உரிமையாளர் நீங்க. இவங்க?”

“ரெண்டு பேரும் பங்குதாரர்” என்றேன்.

பேனா நின்றது. “இவங்களுமா?”

“இவங்களும்.”

“சரி. மொதல் பங்குதாரர் மெர்சி...” என்று எழுதத் தொடங்கினார்.

“சார், ஒரு நிமிஷம்” என்றேன். நான் வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டு வந்த விஷயம் அல்ல அது. அந்தப் பேனா தானாக என் பக்கம் சாய்ந்ததைப் பார்த்தபோது தோன்றியது. “அகர வரிசைப்படி போடுங்க.”

“அப்படின்னு விதி ஒண்ணும் இல்லம்மா.”

“நாங்க வெச்சுக்கிறோம்.”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வேறு படிவம் எடுத்தார். முதல் வரியில் ‘கன்னியம்மா’ என்று எழுதினார். இரண்டாவது வரியில் என் பெயர். கையெழுத்துப் போடச் சொல்லித் திருப்பிவைத்தார். கன்னியம்மா பேனாவை வாங்கினாள். ஒவ்வொரு எழுத்தாக, கட்டத்துக்குள் வரைகிற அதே நிதானத்தில், முழுப் பெயரையும் எழுதினாள். குமாஸ்தா காத்திருந்தார். பின்னால் நின்றவர்களும் காத்திருந்தார்கள்.

என் முறை வந்தபோது எனக்குக் கோடு தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போட்டேன்.

வெளியே வந்ததும் கன்னியம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அஞ்சாவது படிச்ச எனக்கே தெரியும், க-வுக்கு அப்புறம்தான் ம. அதுக்குப் போயி எதுக்கு நீ அழுவுற?”